புதுமுக வீரருக்கு எத்தனை நிமிடம் கிடைக்கும்? கணக்கை 200-லிருந்து தொடங்குங்கள்

கேள்வி: அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். எனக்குப் பிடித்த அணி பெரிய கான்ஃபரன்ஸ் (கல்லூரி அணிகளின் லீக் குழு) ஒன்றில் ஆடுகிறது. இந்த ஆண்டு 6 அடி 4 அங்குலக் கார்டு (பந்தைக் கொண்டு சென்று வெளியிலிருந்து ஆடுபவர்) ஒருவர் ஃப்ரெஷ்மேனாக, அதாவது முதலாண்டு மாணவராக, சேருகிறார். பள்ளி வீரர்களின் தேசியத் தரவரிசையில் 45-ஆம் இடத்தை ஒட்டி இருப்பவர். போன ஆண்டு சராசரியாக 31 நிமிடம் ஆடிய கார்டு அணியில் தொடர்கிறார். சின்ன கான்ஃபரன்ஸ் ஒன்றில் 33 நிமிடம் ஆடிய சீனியர் ஒருவர் மாற்றலாகி வந்திருக்கிறார். போன ஆண்டு 9 நிமிடம் ஆடிய இன்னொரு கார்டும் இருக்கிறார். புதுப் பையனுக்கு 25 நிமிடம் உறுதி என்று நண்பர்கள் அடித்துச் சொல்கிறார்கள். நம்பலாமா? இதை எப்படிக் கணக்கிடுவது?

பதில்: 25 கிடைக்க வாய்ப்பு குறைவு. 8-க்கும் 17-க்கும் நடுவில் இருக்கும். ஒரே எண்தான் வேண்டும் என்றால் 13 என்று எழுதி வையுங்கள்.

உங்கள் நண்பர்கள் பையனின் திறமையிலிருந்து தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் அது அல்ல. ஆண்கள் கல்லூரி ஆட்டம் 20 நிமிடம் வீதம் இரண்டு பாதி. களத்தில் ஐந்து பேர். ஆக, ஓவர்டைம் இல்லாத ஓர் ஆட்டத்தில் பங்கு போட இருப்பது 200 நிமிடம் மட்டுமே. அதில் பெரும்பகுதியைப் பழைய ஆட்கள் ஏற்கெனவே கையில் வைத்திருப்பார்கள். புதியவருக்கு வருவது மிச்சம்தான். சீசனுக்கு முன்பு ரசிகர்கள் போடும் பட்டியலை எடுத்துக் கூட்டிப் பாருங்கள். பெரும்பாலும் 230, 240 என்று வரும். எல்லாருக்கும் தாராளமாக நிமிடம் கொடுத்திருப்பார்கள், யாரிடமிருந்தும் பிடுங்கியிருக்க மாட்டார்கள்.

ஓர் இடத்துக்கு 40 நிமிடம் என்று வைத்து 200-ஐ மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: இரண்டு கார்டுகளுக்கு 80, விங் (பக்கவாட்டில் ஆடுபவர்) மற்றும் ஃபார்வர்டுகளுக்கு 80, கூடைக்கு அருகில் நிற்கும் உயரமான சென்டருக்கு 40. உங்கள் ஆள் கார்டு என்பதால் அந்த 80-ஐ மட்டும் பார்ப்போம். தொடர்கிறவரின் 31-ஐ அப்படியே வைக்கலாம். நன்றாக ஆடியவரின் நிமிடத்தைப் பயிற்சியாளர் காரணமில்லாமல் குறைக்க மாட்டார். மாற்றலாகி வந்தவரின் 33-ஐ அப்படியே எடுக்கக் கூடாது. சின்ன கான்ஃபரன்ஸில் அவர்தான் எல்லாம். இங்கே எதிராளியும் வேகமானவர், பக்கத்திலும் ஆள் இருக்கிறார். ஐந்தாறு நிமிடம் கழித்து 27 என்று வைப்பது நியாயம். 80-இல் 58 போனால் மிச்சம் 22. இந்த 22-ஐத்தான் உங்கள் பையனும் போன ஆண்டின் 9 நிமிடக்காரரும் பங்கு போட வேண்டும். பழையவர் தன் 9-ஐத் தக்கவைத்தால் பையனுக்கு 13. அவரை முந்திவிட்டால் 17 வரை போகலாம். முந்த முடியாவிட்டால் 8-க்கு இறங்கும்.

இந்தக் கணக்கு 20-ஐத் தொட ஒரு வழி உண்டு: பயிற்சியாளர் மூன்று கார்டுகளை ஒன்றாக இறக்குபவராக இருக்க வேண்டும். ஓர் ஆட்டத்தில் 15 நிமிடம் அப்படி ஆடினாலே கார்டுகளின் பங்கு 80-லிருந்து 95 ஆகிவிடும். 6 அடி 4 அங்குலம் என்றால் விங் இடத்தில் நிற்கத் தாராளமாகப் போதும். கென்பாம் என்ற கல்லூரிக் கூடைப்பந்துப் புள்ளிவிவரத் தளத்தில் ஒவ்வோர் அணிக்கும் கடைசி ஐந்து ஆட்டங்களில் எந்த இடத்தில் யார் எவ்வளவு நேரம் ஆடினார்கள் என்ற பட்டியல் இருக்கும். போன சீசன் முடிவில் அந்தப் பட்டியல் எப்படி இருந்தது என்று பாருங்கள். பயிற்சியாளர் பேட்டியில் சொல்வதை விட அது நம்பகமானது. எல்லாப் பயிற்சியாளர்களும் அக்டோபரில் "இந்த ஆண்டு பத்துப் பேரை ஆட வைப்பேன்" என்பார்கள். ஜனவரியில் எட்டுப் பேர்தான் இறங்குவார்கள். நெருக்கமான ஆட்டங்களில் ஏழு.

இடம் எப்படி நிமிடத்தைத் தீர்மானிக்கிறது என்பதற்கு பர்டூ அணியின் சாக் ஈடியை விட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை. 7 அடி 4 அங்குல உயரம். 2023, 2024 இரண்டு ஆண்டுகளும் நாட்டின் சிறந்த கல்லூரி வீரர் விருதுகளை வாங்கியவர். ஆனால் 2020-21-இல் ஃப்ரெஷ்மேனாக அவர் ஆடியது சராசரியாக 15 நிமிடத்துக்கும் கொஞ்சம் குறைவு. அப்போது சென்டர் இடத்தில் ட்ரெவியன் வில்லியம்ஸ் சுமார் 25 நிமிடம் ஆடிக்கொண்டிருந்தார். இரண்டையும் கூட்டினால் 40. அடுத்த ஆண்டு ஈடிக்கு 19, வில்லியம்ஸுக்கு 20. மறுபடியும் ஏறக்குறைய அதே 40. இருவரையும் ஒரே நேரத்தில் களத்தில் வைத்துச் சமாளிக்க முடியாது என்பதால் ஒருவரின் நிமிடம் இன்னொருவரிடமிருந்துதான் வந்தாக வேண்டும். வில்லியம்ஸ் போனதும் 2022-23-இல் ஈடி 30-ஐத் தாண்டினார். முதல் இரண்டு ஆண்டுகளில் அவரைக் கட்டிப்போட்டது திறமைக் குறைவு அல்ல, 40 என்ற எண்.

அப்படியானால் தரவரிசைக்கு மதிப்பே இல்லையா? உச்சியில் இருக்கிறது. முதல் ஐந்து, பத்து இடங்களில் இருப்பவர்களுக்காகப் பயிற்சியாளர் அணியையே மாற்றி அமைப்பார். டியூக்கில் 2018-19-இல் ஜயான் வில்லியம்சன் 30 நிமிடம் ஆடினார். 2024-25-இல் கூப்பர் ஃபிளாக் 31 நிமிடத்தை ஒட்டி. அங்கேயும் விதிவிலக்கு உண்டு: 2014-15 கென்டக்கியில் பயிற்சியாளர் ஜான் காலிப்பாரி இரண்டு ஐவர் அணிகளை மாற்றி மாற்றி இறக்கிய சீசனில், பிறகு தொழில்முறை லீக்கான என்பிஏ அணிகள் புது வீரர்களை எடுக்கும் தேர்வில் முதல் இடத்தில் எடுக்கப்பட்ட கார்ல்-ஆந்தனி டவுன்ஸுக்கே சுமார் 21 நிமிடம்தான். 30-ஆம் இடத்துக்குக் கீழே வந்துவிட்டால் 45-க்கும் 70-க்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சம பலமுள்ள இருவரில் யார் முதலில் இறங்குவார் என்று சொல்ல மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்பு 45-ஆம் இடத்துக்காரருக்கு இதைவிடக் கூடுதலாகவே எதிர்பார்த்திருக்கலாம். 2018-இல், வேறு கல்லூரிக்குப் போக விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் மாற்றல் பட்டியல் வந்தது. 2021 முதல் ஒருமுறை கல்லூரி மாறினால் ஓராண்டு உட்கார வேண்டியதில்லை. 2024 ஏப்ரலுக்குப் பிறகு, படிப்புத் தகுதி இருந்தால் எத்தனை முறையும் மாறலாம். விளைவு, 18 வயதுப் பையன் 22, 23 வயது ஆண்களோடு இடத்துக்குப் போட்டி போடுகிறான். போதாததற்கு 2025 ஜூலை முதல் கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தருகின்றன. யாருக்கு எவ்வளவு என்பது பெரும்பாலும் வெளியே வராது; வந்தால் அதைப் பள்ளித் தரவரிசை தரும் நட்சத்திர எண்ணிக்கைக்கு மேலாக மதியுங்கள். நிறையக் கொடுத்து வாங்கிய ஆளைப் பெஞ்சில் வைக்க யாருக்கும் மனம் வராது.

சின்னக் கல்லூரி என்றால் இந்தக் கணக்கு தலைகீழாகும். 2006-இல் டேவிட்சனில் ஸ்டெஃப் கரி தன் முதல் ஆட்டத்தில், ஈஸ்டர்ன் மிச்சிகனுக்கு எதிராக, 13 முறை பந்தைப் பறிகொடுத்தார். பெரிய அணியில் அதற்குப் பிறகு ஒரு வாரம் பெஞ்ச்தான். டேவிட்சன் பயிற்சியாளர் பாப் மெக்கிலப் அவரை அடுத்த ஆட்டத்திலும் இறக்கினார். மிச்சிகனுக்கு எதிராக 32 புள்ளி. அந்த சீசனில் சராசரி 30 நிமிடத்துக்கு மேல்.

நிமிடத்தைத் தின்னும் இன்னொன்று ஃபவுல். ஐந்தானால் வெளியே. முதல் பாதியில் இரண்டு வாங்கிய ஆளை இடைவேளை வரை உட்கார வைப்பது பல பயிற்சியாளர்களின் எழுதாத சட்டம். புது சென்டர்களுக்கு இது அடிக்கடி நடக்கும்; பள்ளியில் உயரத்தாலேயே தடுத்துப் பழகியவர்கள் இங்கே கையை நீட்டி மாட்டிக்கொள்வார்கள். சென்டர் என்றால் கணக்கிட்ட எண்ணில் இரண்டு மூன்று நிமிடம் கழியுங்கள். கார்டுக்குக் கழிக்க வேண்டாம். கார்டுகள் பெஞ்சுக்குப் போவது பந்தைப் பறிகொடுத்தாலோ, எதிரணி ஸ்க்ரீன் போடும்போது (தடுப்பவரின் வழியை ஒருவர் மறித்து நிற்கும்போது) யாரைப் பிடிப்பது என்று தடுமாறினாலோதான். இரண்டாவதை ஸ்கோர் அட்டையில் பார்க்க முடியாது. பையன் உள்ளே வந்து இரண்டு நிமிடத்தில் வெளியே போனால் ரீப்ளேயை ஓட்டி, கடைசியாக எதிரணி எடுத்த கூடைக்கு முன் அவர் எங்கே நின்றார் என்று பாருங்கள். காரணம் பெரும்பாலும் அங்கே இருக்கும்.

கணிப்பை எப்போது போடுவது? ஏப்ரலில் போடாதீர்கள். மாற்றல் இன்னும் நடந்துகொண்டிருக்கும், என்பிஏ தேர்வுக்குப் பெயர் கொடுத்தவர்கள் திரும்பி வரவும் கூடும். ஜூன் நடுவில் முதல் எண். பிறகு நவம்பரில் ஐந்தாறு ஆட்டம் முடிந்ததும் திருத்துங்கள். அப்போது சராசரியைப் பார்க்காமல் ஆட்டப் பதிவைத் திறந்து நேரங்களைப் பாருங்கள். ஒவ்வொரு பாதியிலும் கடிகாரத்தில் 16, 12, 8, 4 நிமிடம் மிச்சமிருக்கும்போது, அதையடுத்து ஆட்டம் நிற்கும் இடத்தில் டிவி இடைவேளை வரும். பையன் 16-ஐ ஒட்டி உள்ளே வந்தால் அவர் ஆறாவது அல்லது ஏழாவது ஆள். 8-க்குப் பிறகு வந்தால் ஒன்பதாவது. வித்தியாசம் 10 புள்ளிக்குள் இருக்கும் ஆட்டத்தில் கடைசி 4 நிமிடத்தில் அவர் களத்தில் நின்றால், உங்கள் ஜூன் எண்ணைத் தயங்காமல் உயர்த்துங்கள். முதல் ஐவரில் பெயர் வருகிறதா என்பது அவ்வளவு முக்கியமில்லை. 2005-இல் பட்டம் வென்ற நார்த் கரோலினாவில் மார்வின் வில்லியம்ஸ் பெஞ்சிலிருந்தே வந்தார். அந்த ஆண்டு என்பிஏ தேர்வில் இரண்டாவது இடத்தில் போனார்.

சராசரியில் இரண்டு பொறிகள் உண்டு. 35 புள்ளியில் ஜெயிக்கும் நவம்பர் ஆட்டத்தில் கிடைக்கும் 20 நிமிடம் ஜனவரியில் இருக்காது. 15 புள்ளிக்கு மேல் வித்தியாசமுள்ள ஆட்டங்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள். அடுத்தது, ஸ்கோர் அட்டை காட்டும் சராசரி ஆடிய ஆட்டங்களால் மட்டும் வகுத்தது. அணியின் 34 ஆட்டத்தில் 12-இல் மட்டும் இறங்கி மொத்தம் 72 நிமிடம் ஆடியவருக்கு அது 6 என்று காட்டும். 34-ஆல் வகுத்தால் 2-க்குச் சற்று மேல்தான் வரும். போன ஆண்டு "9 நிமிடம்" ஆடியதாக நீங்கள் சொல்லும் கார்டின் எண்ணையும் இப்படிச் சரிபாருங்கள். அவர் பாதி ஆட்டங்களில்தான் இறங்கினார் என்றால் அந்த 9 உண்மையில் 4, 5-தான். உங்கள் பையனின் 13 அப்போது 17-ஐ எட்டும்.

கணக்கு 5-க்குக் கீழே வந்தால் ரெட்ஷர்ட் வாய்ப்பையும் யோசியுங்கள்: ஒரு சீசன் முழுக்க ஆடாமல் பயிற்சி மட்டும் எடுத்து, அந்த ஆண்டின் தகுதியை மிச்சம் பிடிப்பது. வர்ஜீனியாவில் பயிற்சியாளர் டோனி பென்னட் 2016-17-இல் டி'ஆண்ட்ரே ஹண்டரை அப்படி உட்கார வைத்தார். அடுத்த சீசனில் பெஞ்சிலிருந்து வந்து ஏசிசி கான்ஃபரன்ஸின் சிறந்த ஆறாவது ஆள் விருது, 2019-இல் தேசியப் பட்டம், அதே ஆண்டு என்பிஏ தேர்வில் நான்காம் இடம். உங்கள் ஆள் விஷயத்தில் இது நடக்கும் என்று நான் நினைக்கவில்லை. இப்போதைய மாற்றல் விதிகளில், பெஞ்சில் ஓராண்டு காத்திருப்பதை விட 45-ஆம் இடத்துக்காரர் ஏப்ரலில் வேறு கல்லூரிக்குக் கிளம்புவதற்கே வாய்ப்பு அதிகம்.