எந்தக் கவுன்சிலரைக் கேட்கிறீர்கள்?

கேள்வி: எங்கள் தெருவில் ஆறு மாதமாக ஒரு ரெஸ்டோ பார் நடக்கிறது. மொட்டைமாடியில் ராத்திரி ஒரு மணி வரை பாட்டு. நாற்பது பேர் கையெழுத்துப் போட்டு நகராட்சியில் மனு கொடுத்தோம், பதிலே இல்லை. என் மகள் இங்கிலாந்தில் இருக்கிறாள். அவள் ஊரில் ஒரு கிளப், விடியவிடியத் திறந்துவைக்க அனுமதி கேட்டதாம். கவுன்சில் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு விசாரித்து, முடியாது என்று சொல்லிவிட்டதாம். நம் கவுன்சிலர்கள் மட்டும் ஏன் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள்? வாங்கிக்கொண்டார்களா? கலாசாரம் சீரழிவது அவர்கள் கண்ணில் படவில்லையா?

– பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: எந்தக் கவுன்சிலர், அம்மா? உங்கள் வார்டு கவுன்சிலர் பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம்.

சொல்ல முடியாது. புதுச்சேரியில் யாராலும் முடியாது. நம் நகராட்சிகளுக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2006இல். அதற்கு முந்தைய தேர்தல் 1968இல். நடுவில் 38 வருஷம். ஒரு தலைமுறையே பிறந்து, படித்து, கல்யாணமாகி, பிள்ளையும் பெற்றாயிற்று. 2006இல் வந்தவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. அப்புறம் யாரும் வரவில்லை. 2021இல் வாக்குப்பதிவுத் தேதிகூட அறிவித்தார்கள். வார்டு இடஒதுக்கீட்டில் குளறுபடி என்று வழக்கு வந்தது, அத்தோடு நின்றுபோனது. ஆகவே வாங்கிக்கொண்டார்களா என்றால், இல்லாத ஆள் எப்படி வாங்குவார்? கருவறையில் சாமியே இல்லை. நீங்கள் வாசலில் நின்றுகொண்டு சாமி கண்ணைத் திறக்கவில்லை என்று கோபித்துக்கொள்கிறீர்கள்.

கடற்கரைச் சாலையில் மேரி கட்டடம் இருக்கிறதே, அதை அடுத்த முறை நடைப்பயிற்சிக்குப் போகும்போது நின்று பாருங்கள். வெளியூர்க்காரர்கள் பெயரைக் கேட்டு ஏதோ மாதா கோயில் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பிரெஞ்சுக்காரர் காலத்தில் நகரத் தந்தையான ‘மேர்’ உட்கார்ந்த இடம் என்பதால் வந்த பெயர் அது. 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பழைய சாயலிலேயே அழகாகத் திரும்பக் கட்டி, 2021 பிப்ரவரியில் பிரதமர் வந்து திறந்துவைத்தார். தூண் இருக்கிறது, படிக்கட்டு இருக்கிறது, சாயங்காலத்தில் விளக்கு அலங்காரம் இருக்கிறது. உள்ளே உட்கார வேண்டிய மேரும் மெம்பரும்தான் இல்லை. 1880இல் பிரெஞ்சுக்காரன் இந்த ஊருக்கு நகரசபை கொடுத்தான். இப்போது நாம் அதன் கட்டடத்தின் முன் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்கிறோம்.

உங்கள் மனு எங்கே போயிருக்கும் என்றால், ஆணையர் அலுவலகத்து அலமாரிக்கு. ஆணையரைத் திட்டியும் பயனில்லை. அவர் அரசாங்கம் அனுப்பிய அதிகாரி, நாளைக்கே மாற்றலாகிப் போகிறவர். நாற்பது கையெழுத்து அவருக்கு நாற்பது ஓட்டு ஆகாது.

சரி, ஒரு பேச்சுக்குக் கவுன்சிலர்கள் இருக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். பார் லைசென்ஸ் அவர்கள் கைக்கு வருமா? வராது. அரசியல் சட்டத்தில் மாநில அரசின் அதிகாரங்களைச் சொல்லும் மாநிலப் பட்டியலில் மது 8வது இனம். புதுச்சேரியில் 1970ஆம் ஆண்டுக் கலால் சட்டத்தின்படி கலால் துறை கொடுக்கிறது, கலால் துறை எடுக்கிறது. நகராட்சி பார்ப்பது வியாபார உரிமம், கட்டட அனுமதி, குப்பை. அரசியல் சட்டத்தின் 12வது அட்டவணையில் நகராட்சிகளுக்கு ஒப்படைக்கலாம் என்று 18 வேலைகளைப் போட்டிருக்கிறார்கள். சுடுகாடு இருக்கிறது, தெருவிளக்கு இருக்கிறது, ஆடு மாடு அறுக்கும் இடம் இருக்கிறது, வழிதப்பிய மாட்டை அடைக்கும் பட்டிகூட இருக்கிறது. தெருவில் திறக்கும் சாராயக்கடையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. வழிதப்பிய மாட்டை உங்கள் வார்டு பிடித்து அடைக்கலாம். வழிதப்பி உங்கள் திண்ணையில் படுத்திருப்பவரைப் பற்றிப் பேச மேலிடத்துக்குத்தான் போக வேண்டும்.

மேலிடத்துக்கோ அது வருமானம். இந்த யூனியன் பிரதேசத்தின் வரவுக் கணக்கில் கலால் பெரிய தலை. சாராயக்கடையும் கள்ளுக்கடையும் ஏலம் போகின்றன, கிஸ்தி வருகிறது. பாருக்குக் கட்டணம் வருகிறது. கல்லாவில் உட்கார்ந்திருப்பவரிடமே பஞ்சாயத்துக்குப் போனால் தீர்ப்பு எந்தப் பக்கம் சாயும்?

கடலூரைப் பார்த்துப் பெருமூச்சு விடாதீர்கள். அங்கே மாநகராட்சி இருக்கிறது, 2022இல் தேர்தல் நடந்து கவுன்சிலர்களும் வந்தார்கள். ஆனால் கடை டாஸ்மாக்குடையது. எங்கே வைப்பது என்பது டாஸ்மாக்கும் கலெக்டரும் பார்க்கிற வேலை. அங்கே நாற்காலியில் ஆள் உண்டு, அதிகாரம் இல்லை. நமக்கு நாற்காலியிலேயே ஆள் இல்லை. போதாக்குறைக்கு அவர்கள் ஊர்க்காரர்கள் பாதிப்பேர் நம் எல்லையிலுள்ள முள்ளோடைக்கு வந்து குடித்துவிட்டு, ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் பையைத் திறந்து காட்டிவிட்டுப் போகிறார்கள்.

உங்கள் மகள் சொன்னது இங்கிலாந்தில் சட்டப்படி நடக்கிற காரியம்தான். ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறாள். முன்பெல்லாம் அங்கே மது லைசென்ஸ் மாஜிஸ்திரேட் கையில் இருந்தது. 2003இல் வந்த சட்டம் அதைக் கவுன்சிலுக்கு மாற்றியது, 2005 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பார் திறக்க நினைப்பவர் வெளிர்நீலத் தாளில் அறிவிப்பு எழுதிக் கடை வாசலில் 28 நாள் ஒட்டிவைக்க வேண்டும். போகிற வருகிற எவரும் படித்துவிட்டு எழுத்தில் ஆட்சேபிக்கலாம். ஆட்சேபம் வந்தால் மூன்று கவுன்சிலர்கள் உட்கார்ந்து இரண்டு பக்கமும் கேட்பார்கள். ராத்திரி 11 மணிக்கு மேல் கடையில் சூடாக டீ விற்பதற்கே லைசென்ஸ் கேட்கும் ஊர் அது. நம் பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள்.

மீதிப் பாதி இது. ஒருவரும் ஆட்சேபிக்காவிட்டால் கவுன்சில் லைசென்ஸ் கொடுத்தே ஆக வேண்டும். ஆட்சேபித்தாலும் நான்கு விஷயங்களுக்குள் நிற்க வேண்டும்: குற்றமும் ஒழுங்கீனமும், பொதுமக்கள் பாதுகாப்பு, அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு, குழந்தைகளுக்குக் கேடு. குடி உடம்புக்குக் கெடுதி என்பதுகூட இங்கிலாந்துப் பட்டியலில் இல்லை. கலாசாரமும் இல்லை. உங்கள் கடிதத்தை அப்படியே கொண்டுபோய் அந்த மூன்று பேர் முன் வைத்தால், கடைசி வரியை முதலில் அடித்துவிடுவார்கள்.

நானும் அடித்துவிடுவேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். கள்ளும் சாராயமும் பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே காசு கொடுத்து வாங்கிய ஊர் இது. கலாசாரம் என்று ஆரம்பித்தால் எதிராளி “சுற்றுலா, வேலைவாய்ப்பு” என்று ஆரம்பிப்பார், அதிலும் நியாயம் இருக்கும், பேச்சு முடியாது. உங்களுடைய வலுவான வாதம் கடிதத்தின் இரண்டாவது வரியில் இருக்கிறது: மொட்டைமாடி, பாட்டு, ராத்திரி ஒரு மணி.

என் அக்கா வீட்டில் இதே கதை. பின்பக்கத்துக் கட்டடத்தின் மாடியில் தகரக் கூரை போட்டு பார். ஒரு சனிக்கிழமை ராத்திரி அங்கே தங்கினேன். பாட்டின் வார்த்தை ஒன்றும் புரியவில்லை, ‘டும் டும்’ என்ற அடி மட்டும் சுவர் வழியாக வருகிறது. சமையலறை ஸ்டாண்டில் கவிழ்த்துவைத்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசி, ஒவ்வொரு அடிக்கும் கிணுகிணு என்கின்றன. அக்கா எழுந்து போய் டம்ளர்களுக்கு நடுவே கைக்குட்டையைச் செருகிவிட்டு வந்து படுத்தாள். தினமும் செய்கிறாளாம். மாமா இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டு தூங்குகிறார், காலையில் பால்காரர் மணியடித்தால் கேட்பதில்லை. இதில் கலாசாரம் எங்கே இருக்கிறது? தூக்கம் இருக்கிறது.

தூக்கத்துக்கு ஒரு சட்டம் உண்டு, அது புதுச்சேரிக்கும் பொருந்தும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். ராத்திரி 10 மணி முதல் காலை 6 வரை மூடிய அரங்குக்குள் தவிர ஒலிபெருக்கி கூடாது. நாலு பக்கமும் திறந்த தகரக் கூரை மூடிய அரங்கு ஆகாது என்பது என் கட்சி. குடியிருப்புப் பகுதியில் ராத்திரி வரம்பு 45 டெசிபல், வணிகப் பகுதியில் 55. தனியார் இடத்தில் வைக்கும் ஒலிப்பெட்டியின் சத்தம் அந்த இடத்தின் எல்லையில் இந்த வரம்பை 5 டெசிபலுக்கு மேல் தாண்டக் கூடாது. உங்கள் தெரு எந்தப் பகுதி என்பதில் பார்க்காரர் ஒரு வழக்காடுவார், எதிர்பார்த்திருங்கள். புகாரை நகராட்சிக்குக் கொடுக்காதீர்கள். கலெக்டருக்கும், டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத போலீஸ் அதிகாரிக்கும் கொடுங்கள். கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்காமல் வராதீர்கள். தேதி, ஆரம்பித்த நேரம், முடிந்த நேரம் என்று ஒரு நோட்டில் பத்து நாள் எழுதி அதன் நகலையும் வையுங்கள். கூடவே 10 ரூபாய் கட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் கலால் துறையிடம் அந்த பாரின் லைசென்ஸ் நகலைக் கேளுங்கள்: என்ன வகை, எத்தனை மணி வரை, மொட்டைமாடி அதில் சேர்த்தியா. 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். மாடி அதில் சேர்த்தி இல்லையென்றால் அப்புறம் பேச்சே வேறு.

நேரத்தைத் தாண்டி நடக்கும் பார் என்றால் சத்தம் மட்டும்தான் பிரச்சினை என்றும் நினைக்க வேண்டாம். 2025 ஆகஸ்டில் இதே ஊரில் ஒரு ரெஸ்டோ பாரில் ராத்திரித் தகராறில் கல்லூரி மாணவர் ஒருவரைக் குத்திக் கொன்றார்கள். சில நாள் சோதனை, சீல், அறிக்கை என்று அமர்க்களப்பட்டது. அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டியே கேட்கும் ஏற்பாடு அதற்குப் பிறகும் வரவில்லை.

வரவே முடியாது என்று இல்லை. மகாராஷ்டிரத்தில் ஒரு வார்டிலோ கிராமத்திலோ மதுக்கடை வேண்டாமென்று போதிய வாக்காளர்கள் எழுதிக் கொடுத்தால் ரகசிய வாக்கெடுப்பு வைக்கிறார்கள். சீட்டில் இரண்டு சின்னம்: நின்ற பாட்டில், படுத்த பாட்டில். பாதிக்கு மேல் படுத்த பாட்டிலுக்கு விழுந்தால் கடை மூடியாக வேண்டும். பெண்கள் வரிசையில் நின்று பாட்டிலைப் படுக்கவைத்த ஊர்கள் அங்கே நிறைய. உங்கள் நாற்பது பேரும் அடுத்த தடவை எம்.எல்.ஏ. ஓட்டுக் கேட்டு வரும்போது பாரைப் பற்றி மட்டும் கேட்காமல், நகராட்சித் தேர்தல் எப்போது என்றும் கேளுங்கள். கவுன்சிலர் வந்தால் தன் பிடி தளரும் என்று அவருக்குத் தெரியும். முகம் மாறுகிறதா பாருங்கள்.

கடைசியாக, பெயர் வேண்டாம் என்றீர்கள், போடவில்லை. ஆனால் புகாரில் போட்டாக வேண்டும். மொட்டைக் கடுதாசி கிழித்துப் போடத்தான். இங்கிலாந்திலும் ஆட்சேபம் எழுதியவர் பெயர் பெரும்பாலும் பார்க்காரர் கைக்குப் போகும். உங்கள் மகள் ஊரில் அந்த கிளப்பை எதிர்த்தவர்கள், மறுநாள் காலை அந்த வாசலைத் தாண்டித்தான் பால் வாங்கப் போயிருப்பார்கள்.