கொள்கைப் பகுப்பாய்வு எப்படி ஒரு தனித் தொழிலானது?

அரசு ஒரு முடிவெடுக்கும் முன், என்னென்ன வழிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு செலவாகும், யாருக்கு என்ன கிடைக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்வதுதான் கொள்கைப் பகுப்பாய்வு. அரசர்களுக்கு யோசனை சொல்ல ஆட்கள் எப்போதும் இருந்தார்கள். இது சம்பள வேலையாக வளர்ந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, அமெரிக்காவில். ஆயுதங்களின் விலையும் சிக்கலும் ஏறியதால் அனுபவத்தை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியவில்லை.

1950களின் தொடக்கத்தில் விமானப்படை, குண்டுவீச்சு விமானங்களுக்கான வெளிநாட்டுத் தளங்களை எங்கே அமைக்கலாம் என்று ராண்ட் என்ற ஆய்வு நிறுவனத்திடம் கேட்டது. அங்கே வேலை பார்த்த ஆல்பர்ட் வோல்ஸ்டெட்டரின் குழு கேள்வியையே மாற்றியது: எதிரி முந்திக்கொண்டு தாக்கினால் அங்கே நிற்கும் விமானங்கள் மிஞ்சுமா? பெரும்பாலும் மிஞ்சாது என்றது கணக்கு. அதனால் விமானங்கள் சொந்த நாட்டிலேயே நிற்கட்டும், வெளிநாட்டுத் தளங்கள் எரிபொருள் நிரப்ப மட்டும் போதும் என்றார்கள். மாடியில் எந்தப் பக்கம் அறை கட்டலாம் என்று கேட்டால், நல்ல கொத்தனார் "அறை எதுக்குங்க, வாடகைக்கு விடவா?" என்று திருப்பிக் கேட்பார் இல்லையா, அதே மாதிரி.

1961இல் பாதுகாப்பு அமைச்சரான மெக்நமாரா, ராண்ட் ஆட்களைக் கூட்டி வந்து, செலவையும் பலனையும் ஒப்பிட்டு பட்ஜெட் போட வைத்தார். 1965இல் அதிபர் ஜான்சன் மற்ற துறைகளும் இதே முறையில் பட்ஜெட் போட உத்தரவிட்டார். அது சில ஆண்டுகளிலேயே படுத்துவிட்டது. அப்புறம் என்ன, முறை போனாலும் ஆட்களுக்குத் தேவை இருந்தது. பெர்க்லி போன்ற பல்கலைக்கழகங்கள் இதற்கெனத் தனிப் பள்ளிகள் தொடங்கின.

கொள்கையை முடிவு செய்வதே இவர்கள்தான் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, இவர்கள் கணக்கை மேசையில் வைப்பவர்கள். கையெழுத்துப் போடுவது பதவியில் இருப்பவர்.