முகப்பில் இணைப்பு, இரண்டாங்கட்டில் மடிக்கணினி

கேள்வி: கானாடுகாத்தானில் உள்ள எங்கள் பூர்விக வீட்டின் முகப்பு அறையில் ஃபைபர் இணைப்பு வாங்கியிருக்கிறோம். வீடு முன்தெருவிலிருந்து பின்தெரு வரை ஏறக்குறைய 160 அடி நீளம். வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்க்கும் என் மகள், வீட்டின் இரண்டாவது முற்றப் பகுதியான இரண்டாங்கட்டில் உட்கார்ந்தால், மடிக்கணினியில் வைஃபை வருவதாகக் காட்டுகிறது. ஆனால் காணொளி அழைப்பு அறுந்து அறுந்து போகிறது. கடைக்காரர் ஆறு ஆண்டெனா உள்ள ரவுட்டரை வாங்கச் சொல்கிறார்; உறவினர் ஒருவர், வைஃபை அலையை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் போதும் என்கிறார். பங்காளிகளுக்கும் பாத்தியப்பட்ட வீடு என்பதால் சுவரில் துளை போட இயலாது. என்ன செய்யலாம்?

பதில்: கடைக்காரர் சொன்னதும் வேண்டாம், உறவினர் சொன்னதும் வேண்டாம். உங்களுக்குத் தேவை ஒரு நீளமான கேபிளும், அதன் மறுமுனையில் சாதாரணமான இரண்டாவது ரவுட்டரும்தான்.

அதற்குமுன், குறை எங்கே இருக்கிறது என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். மடிக்கணினியை முகப்பு அறைக்கு எடுத்துச் சென்று, ரவுட்டருடன் கேபிள் மூலம் நேரடியாக இணைத்து வேகத்தை அளந்து பாருங்கள். அங்கேயே வேகம் குறைவாக இருந்தால் அது இணைப்பு தருபவர் சரிசெய்ய வேண்டிய குறை. வீட்டுக்குள் எவ்வளவு செலவு செய்தாலும் பயனில்லை. அங்கே சரியாக இருந்து இரண்டாங்கட்டில் மட்டும் தடுமாறினால், நாம் பேச வேண்டியது சுவர்களைப் பற்றி.

வைஃபை பொதுவாக 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் ஆகிய இரு அலைவரிசைகளில் இயங்குகிறது. பின்னது வேகமானது, ஆனால் சுவரைக் கடக்கையில் முன்னதைவிட அதிகமாக வலுவிழக்கும். செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய செட்டிநாட்டுச் சுவர்களின் கனம் உங்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட சுவர்கள் இரண்டைத் தாண்டியபின் 5 கிகாஹெர்ட்ஸில் மிஞ்சுவது மிகக் குறைவு. அலையின் வலிமையை அளக்கும் டெசிபல் கணக்கில் 3 குறைந்தாலே ஆற்றல் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது என்பதால், ஒவ்வொரு சுவரும் மிச்சத்தை மேலும் மேலும் அரித்துவிடுகிறது. இதோடு இரும்புப் பெட்டியும் பீரோவும் சேர்ந்துகொள்கின்றன. பழைய பெல்ஜியம் கண்ணாடிகளும் குற்றவாளிகளே: பின்புறம் பூசிய உலோகப் பூச்சு, முகத்தைக் காட்டுவதுபோலவே ரேடியோ அலையையும் திருப்பியனுப்பிவிடும்.

ஆறு ஆண்டெனா யோசனை ஏன் பலிக்காது என்றால், இணையம் ஒருவழிப் பேச்சன்று. ரவுட்டர் உரக்கக் கூவினால் மடிக்கணினிக்குக் கேட்கலாம். ஆனால் மடிக்கணினி தன் சிறிய ஆண்டெனாவிலிருந்து சொல்லும் பதில் அதே சுவர்களைத் தாண்டி முகப்புக்குப் போய்ச் சேர வேண்டுமே! திரையில் வைஃபைக் கோடுகள் தெரிந்தும் அழைப்பு அறுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ரிப்பீட்டரின் கதை வேறு. ஒரே அலைவரிசையில் இயங்கும் மலிவான ரிப்பீட்டர், கேட்ட அதே ரேடியோவாலேயே மறுபடி சொல்ல வேண்டியிருப்பதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதை அலை தேய்ந்துபோன இடத்தில் வைத்தால், தேய்ந்ததைத்தான் திரும்பச் சொல்லும். இப்போது விற்கப்படும், பல சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்கும் மெஷ் கருவிகள் இதைவிட நல்லவை. ஆயினும் அவையும் கம்பியில்லாமல் ஒன்றோடொன்று பேசினால் உங்கள் சுவர்களைத்தான் துளைத்தாக வேண்டும்.

உங்கள் வீட்டில் ஒரு வசதி உண்டு. தலைவாசலில் நின்று பார்த்தால் கட்டுகளின் நிலைக்கதவுகள் ஒரே நேர்க்கோட்டில் அமைந்து, பின்வாசல் வரை கண்ணுக்குத் தெரியும் அல்லவா? அலையும் அந்த வழியை விரும்பும். கனமான சுவரைவிடத் தேக்குக் கதவு அதற்கு எளிது. ஆகவே செலவில்லாத சோதனையாக, ரவுட்டரை முகப்பு அறையின் மூலையிலிருந்து எடுத்து, அந்த நேர்க்கோட்டில், ஆள் உயரத்துக்கு மேல், அலமாரிக்குள் அடைக்காமல் வைத்துப் பாருங்கள். அன்றாட அலுவலக வேலைக்கு இதை மட்டும் நம்ப வேண்டாம். யாராவது கதவைச் சாத்தினாலும் நிலைமை மாறிவிடும்.

நிலையான தீர்வு கேபிள்தான். கேட் 6 வகை நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் வரை விநாடிக்கு ஒரு கிகாபிட் வேகத்தைத் தாங்கும். உங்கள் 160 அடி என்பது ஏறக்குறைய 49 மீட்டர்தான், வளைவுகளுக்குச் சேர்த்து 65 மீட்டர் வாங்கினால் போதும். முழுச் செம்புக் கம்பியா என்று கேட்டு வாங்குங்கள்; அலுமினியத்தின்மேல் செம்பு பூசியது விலை குறைவாகக் கிடைக்கும், அது இவ்வளவு நீளத்துக்கு ஏற்றதன்று. கேபிளைக் கதவுகளுக்கு மேலுள்ள காற்றுத் துவாரங்கள் வழியாக நுழைத்து, வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தின் உட்புறமாகக் கொண்டுபோனால் பங்காளிகள் யாரையும் கேட்க வேண்டியதில்லை. திறந்த முற்றத்தின் குறுக்கே வானத்தடியில் இழுக்காதீர்கள். வெயிலில் உறை வெடிக்கும், இடி மின்னலின்போது செம்புக் கம்பி மின்னழுத்த எழுச்சியை இரு முனைக் கருவிகளுக்கும் கொண்டுபோய்விடக்கூடும். மின்சார வயரோடு சேர்த்துக் கட்டவும் வேண்டாம்.

இரண்டாங்கட்டில் வைக்கும் ரவுட்டர் பழையதாக இருந்தாலும் போதும். அதன் அமைப்பில், கேபிளில் வருவதை வைஃபையாகப் பரப்ப மட்டும் செய்யும் 'ஆக்சஸ் பாயின்ட்' என்ற நிலை இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையெனில், முகப்பு ரவுட்டரின் முகவரி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 என்று கொடுத்து, முகவரி வழங்கும் 'டிஹெச்சிபி' வேலையை இதில் நிறுத்திவிட்டு, கேபிளை 'லேன்' என்று எழுதிய துளையில் செருகுங்கள். இந்த ஒரு படியைத் தவறவிட்டுவிட்டு நாள் முழுவதும் தலையைப் பிய்த்துக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இரு ரவுட்டர்களுக்கும் ஒரே வைஃபை பெயரும் ஒரே கடவுச்சொல்லும் வையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் முன்னதற்கு 1ஆம் சேனலையும் பின்னதற்கு 6 அல்லது 11ஐயும் கொடுத்தால் ஒன்றையொன்று இடறாது. வைஃபைப் பாதுகாப்பு முறையாக டபிள்யூபிஏ 2, மடிக்கணினி ஏற்குமானால் டபிள்யூபிஏ 3; ரவுட்டருக்குள் நுழையும் நிர்வாகக் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள். மகள் முகப்பிலிருந்து மடிக்கணினியோடு உள்ளே வரும்போது அது முகப்பு ரவுட்டரையே பிடித்துக்கொண்டிருந்தால், வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட்டால் பக்கத்திலுள்ளதைப் பிடித்துக்கொள்ளும்.

மின்வெட்டின்போது இரண்டில் ஒன்று அணைந்தாலும் அழைப்பு அறும் என்பதால், ஃபைபர் பெட்டிக்கும் இரு ரவுட்டர்களுக்கும் சிறிய யூபிஎஸ் வைப்பது நல்லது. வாங்குமுன் ஒவ்வொரு கருவியின் அடாப்டரிலும் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பதைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.