ஈறின் நிறம் பார்க்கும் வேலை

அன்புள்ள ஐயா, அம்மா,

மகளை என்ன படிக்க வைப்பது என்று ஆலோசனை கேட்க வந்து, நேற்று ஒரு மணி நேரம் நீங்கள் இருவருமே பேசினீர்கள். மகள் வாய் திறந்தது ஒரே ஒரு முறை. "பூனை மணல் தட்டில் முக்கிக்கொண்டே இருந்தது. எல்லோரும் மலச்சிக்கல் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை" என்றாள். நீங்கள் உடனே பெரியப்பா சொன்ன மருத்துவக் கல்லூரிக்குத் தாவிவிட்டீர்கள். நான் அந்தப் பூனையிடமே நின்றுவிட்டேன்.

கடுவன் பூனை முக்கி முக்கியும் சிறுநீர் வராவிட்டால் பாதை அடைத்திருக்கலாம். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், இதயத்துடிப்பு தளரும், ஓரிரு நாளில் உயிரே போகும். பெரியவர்கள் தவறவிட்டதை அவள் கண்டிருக்கிறாள்.

"கவலைப்படாதீர்கள்" என்று நேற்றுச் சொன்னது மரியாதைக்கு. இன்று உள்ளதைச் சொல்கிறேன். வீட்டை அடமானம் வைத்து அவளை மருத்துவம் படிக்க வைக்காதீர்கள். அவளுக்கு அதில் நாட்டமில்லை. கடனைக் கட்டப்போவதும் பெரியப்பா அல்ல. பொறியியல், கணினி பற்றிச் சொல்ல உங்களைச் சுற்றி ஆள் நிறைய உண்டு. நான் சொல்ல வந்தது செல்லப்பிராணிகளுக்கான அவசர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் கால்நடைத் தொழில்நுட்பர் வேலை.

அடிபட்ட நாயோடு ஒருவர் ஓடிவருகிறார். மருத்துவர் அறுவையில் இருக்கிறார். அந்த நாயை முதலில் தொடுவது தொழில்நுட்பர்தான். மூச்சு, இரத்த ஓட்டம், நினைவு மூன்றையும் ஓரிரு நிமிடத்தில் பார்த்துவிட வேண்டும். உதட்டைத் தூக்கினால் ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறியிருந்தால் இரத்த இழப்பு அல்லது அதிர்ச்சி, அதாவது உடம்புக்கு இரத்த ஓட்டம் போதாத நிலை. நீலம் பாய்ந்திருந்தால் ஆக்சிஜன் போதவில்லை. செங்கல் நிறமானால் வெப்பத் தாக்கையோ கடும் தொற்றையோ சந்தேகிக்க வேண்டும். ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் 2 விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். பெரிய நாய் வயிறு உப்பி, வாந்தி வராமல் ஓங்கரித்துக்கொண்டே இருந்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அப்போது வரிசை பார்க்காமல் மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

பூனையைச் சின்ன நாய் என்று நினைப்பவர் இங்கே தடுமாறுவார். அதிர்ச்சியில் நாயின் இதயம் பொதுவாக வேகமெடுக்கும். பூனைக்கோ பெரும்பாலும் துடிப்பு தளர்ந்து உடம்பு சில்லிட்டுப்போகும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும் பூனையை எக்ஸ்ரேவுக்கென்று அமுக்கிப் பிடித்தால் அந்தப் பதற்றத்திலேயே இறந்துவிடக்கூடும். முதலில் ஆக்சிஜன், பிறகுதான் மற்றதெல்லாம். நமக்குக் காய்ச்சல் தணிக்கும் பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சு என்பதும், லில்லிப் பூவின் மகரந்தம்கூட அதன் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதும் நாக்கு நுனியில் இருக்க வேண்டும்.

இதயம் நின்றுவிட்டால் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை மார்பை அழுத்த வேண்டும். 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும், கை சோர்ந்தால் அழுத்தம் குறைந்துவிடும். இதற்கென 2012இல் வெளிவந்த 'ரெகவர்' வழிகாட்டுதல்கள் 2024இல் புதுப்பிக்கப்பட்டிருக்கின்றன. படித்து முடித்த பிறகும் படிப்பு ஓயாது என்பதற்காகச் சொல்கிறேன்.

நோயைத் தீர்மானிப்பதும் மருந்து எழுதுவதும் அறுவை செய்வதும் மருத்துவரின் பொறுப்பு. அதனால் "பாதி டாக்டர்" என்று உறவினர் கேலி செய்வார்கள். சிரைக்குள் ஊசிக்குழாய் ஏற்றி, டிரிப் ஓட்டி, மயக்க மருந்தின் கீழ் இருக்கும் உயிரைக் கண்காணிக்கிறவரை அப்படி அழைப்பவரோடு எனக்கு வாதம் இல்லை.

அவளுக்கும் ஒன்று. கணக்கு பிடிக்காவிட்டாலும் மகளே, இங்கே அது உன்னை விடாது. 4 கிலோ பூனைக்குத் தசமப் புள்ளி ஓரிடம் தள்ளிப்போனால் மருந்து பத்து மடங்கு. கடி உண்டு, இரவுப் பணி உண்டு. காப்பாற்ற முடியாத உயிருக்குக் கருணைக்கொலை ஊசி போடும்போது அதைப் பிடித்துக்கொண்டு நிற்கவும் வேண்டியிருக்கும்.

எனவே கட்டணம் கட்டும் முன், மருத்துவமனை ஒன்றில் அனுமதி கேட்டு இரண்டு மூன்று இரவுகள் அவள் ஓரமாக நின்று பார்க்கட்டும். நிறுவனத்திடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: உங்கள் சான்றிதழை உரிமம் தரும் அமைப்பு ஏற்கிறதா? உயிருள்ள விலங்குகளிடம் மேற்பார்வையோடு எத்தனை மணி நேரப் பயிற்சி? பதில் மழுப்பலாக வந்தால் பணத்தோடு எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்த வாரம் அவளை மட்டும் அனுப்புங்கள். அந்தப் பூனைக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று நேற்று நம்மில் யாருமே கேட்கவில்லை.