வெயிலில் மட்டும் மக்கர் பண்ணும் இன்ஜின்: கேள்வி பதில்

கேள்வி (வேலூர்): அண்ணே, பத்து வருஷப் பழைய பெட்ரோல் கார். காலையில் உடனே ஸ்டார்ட் ஆகுது. மத்தியானம் ஹைவேயில் ஓட்டிட்டு டீக்கடையில் நிறுத்தினா, செல்ஃப் சுத்துது, இன்ஜின் பிடிக்க மாட்டேங்குது. அரை மணி நேரம் கழிச்சு எடுத்தா கிளம்பிடுது. பெட்ரோல் பம்ப்பை மாத்தச் சொல்றாங்க.

பதில்: அவசரப்படாதீங்க தம்பி. அடுத்த தடவை மக்கர் பண்ணும்போது சாவியை ஆன் வரைக்கும் மட்டும் திருப்புங்க. பின் சீட் பக்கம் ரெண்டு செகண்ட் ‘ஙொய்’னு கேட்டா பம்ப் சுத்துது. அப்புறம் செல்ஃப் அடிச்சுக்கிட்டே ஆர்பிஎம் முள்ளைப் பாருங்க. பெரும்பாலான வண்டியில் அது லேசா எழும்பும். அசையாம கிடந்தா என் சந்தேகம் கிராங்க் சென்சார் மேலதான், அதாவது இன்ஜின் சுத்துறதை வண்டி கம்ப்யூட்டருக்குச் சொல்ற சென்சார். பல வண்டியில் உள்ளே மயிரிழை மாதிரி கம்பிச் சுருள் இருக்கும். சூட்டில் தொடர்பு விட்டுப்போகும், ஆறினா சேர்ந்துக்கும். வண்டி நின்னதும் கூலன்ட் (இன்ஜினைக் குளிர வைக்கிற தண்ணி) சுத்துறதும் எதிர்காத்தும் நின்னுடும், சூடு பானெட்டுக்குள்ளேயே தேங்கும். ஓடும்போது வராத கோளாறு நிறுத்தின பிறகு வர்றது அதனாலதான். கோளாறு பார்க்கிற ஸ்கேனர் போடுறதா இருந்தா சூட்டோட போடச் சொல்லுங்க. ஆறின வண்டியைக் காட்டினா ‘எல்லாம் நல்லாத்தானே இருக்கு’ன்னு அனுப்பிடுவாங்க.

கேள்வி: எங்கப்பா அம்பாசடர் பம்ப் மேல ஈரத்துணி போடுவார். இதுக்கும் போடலாமா சார்?

பதில்: அது கார்புரேட்டர் காலம். பம்ப் இன்ஜினிலேயே இருக்கும். சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி அடைச்சுக்கும், துணி உதவும். இப்போ பம்ப் டேங்குக்குள்ளே பெட்ரோலில் இருக்கு, அழுத்தமும் ரொம்ப அதிகம். எப்பவும் ரிசர்வில் ஓட்டாதீங்க, அது போதும். பம்ப்பைக் குளிர வைக்கிறதே பெட்ரோல்தான்.

கேள்வி (சென்னை): சிக்னலில் நின்னா டெம்பரேச்சர் முள் ஏறுது, ஏசியும் குளிர மாட்டேங்குது. நகர்ந்தா ரெண்டும் சரியாயிடுது.

பதில்: ரேடியேட்டர் ஃபேன். ஏசி போட்டதும் சுத்துதான்னு பாருங்க. இல்லைன்னா ஃப்யூஸ், ரிலே, அப்புறம் மோட்டார்.

கேள்வி (மதுரை): எனக்கு நேர்மாறு. சிக்னலில் சரியா இருக்கு, ஹைவேயில் ஏறுது. வெளியே ஒழுகலை, ஆனா தண்ணி குறையுது. தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போட்டா சரியாயிடும்னு மெக்கானிக் சொல்றார்.

பதில்: கழட்டாதீங்க, சந்தேகம்னா புதுசு போடுங்க. தெர்மோஸ்டாட்ங்கிறது இன்ஜின் சூடாகுற வரைக்கும் கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாத வால்வு. அது இல்லாட்டி இன்ஜின் சரியான சூட்டுக்கே வராம பெட்ரோல் குடிக்கும். ரேடியேட்டர் அடைப்பையும் பாருங்க. வெறும் தண்ணியே ஊத்தி ஓட்டினா துரு படிஞ்சிருக்கும். ஒழுகாம குறையுதுன்னா ஹெட் கேஸ்கட்டையும் (இன்ஜின் பிளாக்குக்கும் மேல் மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கிற சீல்) சோதிக்கணும்: சைலன்ஸரில் விடாம வெள்ளைப் புகை, கூலன்ட் ரிசர்வாயரில் குமிழி, ஆயில் ஸ்டிக்கில் பால் நிறம். இதில் ஒண்ணு இருந்தாலும் வண்டியை ஓட்டாதீங்க, கட்டி இழுத்துட்டுப் போங்க. சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை மட்டும் தொடவே தொடாதீங்க. அழுத்தத்தில் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காம இருக்கிற தண்ணி, மூடி திறந்த நொடியில் மூஞ்சியில் அடிக்கும்.