பதில்: ஊற்று தையிலேயே வற்றுகிறது, போர் போடலாமா?

வணக்கம். சித்திரை வரை ஓடிய ஊற்று இப்போது தையிலேயே நின்றுவிடுகிறது, காப்பித் தோட்டத்தில் 800 அடிக்குப் போர் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். சேர்வராயன் மலையின் அடியில் இருப்பது சார்னோகைட் என்ற கெட்டிப் பாறை. அதன் வெடிப்புகளில் மட்டுமே நீர் நிற்கும். வெடிப்பு அகப்படாவிட்டால் பணம் முழுவதும் புழுதியாகும்; அகப்பட்டாலோ அது உங்கள் ஊற்றுக்கும் கீழ்வீட்டாரின் ஊற்றுக்கும் போகும் நீராகவே இருக்கக்கூடும்.

ஊற்றை வளர்ப்பது பாறைக்கு மேலுள்ள மண்போர்வைதான். காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். புவி சூடாகிவருவதால் இப்போது மழை ஒரேயடியாகக் கொட்டித் தீர்க்கிறது. மண் உறிஞ்சுவதற்குள் ஓடிவிடுகிறது. மேட்டில் சரிவுக்குக் குறுக்காக, ஒரே மட்டத்தில், ஒன்றரை அடி ஆழத்தில் விட்டுவிட்டுக் குழிகள் வெட்டுங்கள். செங்குத்தான இடத்திலும் மண் விரிசல் கண்ட இடத்திலும் வேண்டவே வேண்டாம், சரிந்துவிடும். சருகைக் கூட்டி எரிக்காதீர்கள். நிழல் மரங்களை வெட்டி வெயிலைத் திறந்துவிடாதீர்கள்.

இந்த ஆண்டு முதல் வாரந்தோறும் அளந்து எழுதி வையுங்கள்: 10 லிட்டர் குடம் 40 நொடியில் நிறைந்தால் நாளுக்கு 21,600 லிட்டர். பலன் தெரிய இரண்டு மூன்று மழைக்காலம் ஆகலாம்.

சேலம் வழியே ஓடும் திருமணிமுத்தாறு பிறப்பதும் இந்த மலையில்தான். நீங்கள் தேக்கும் நீர் சேலத்துக்கும் சேர்த்துத்தான். ஊற்றுக்கு மேலே யாருடைய நிலம்? அதை எழுதுங்கள், அவர்களிடம் எப்படிப் பேசலாம் என்று யோசிப்போம்.