பன்றிக் கறியில் அரிசி அரிசியாக வெள்ளைக் கட்டிகள்

கேள்வி: நான் 15 வெண்பன்றிகள் வளர்க்கிறேன். சாயங்காலம் ஏரிக்கரைப் பக்கம் கொஞ்ச நேரம் அவிழ்த்து விடுவது வழக்கம். போன வாரம் வெட்டிய பன்றியின் தொடைக்கறியிலும் நாக்கிலும் அரிசி மணி போல வெள்ளைக் கட்டிகள், எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. கறிக்கடைக்காரர் எடுக்க மறுத்துவிட்டார். அது நன்றாகத் தின்று கொழுத்த பன்றிதான். ஐவர்மெக்டின் ஊசியும் தவறாமல் போடுகிறேன். இது கொழுப்பா, புழுவா?

பதில்: கொழுப்பு இல்லை, பெரும்பாலும் நாடாப்புழுவின் இளம்பருவம்தான். ஒரு கட்டியைக் கத்தி முனையால் கீறிப் பாருங்கள். தெளிந்த நீரும் அதற்குள் ஒரு வெள்ளைப் பொட்டும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். அந்தப் பொட்டுதான் புழுவின் தலை.

இந்தப் புழு முழு வளர்ச்சி அடைவது மனிதனின் குடலில். அங்கே சில மீட்டர் நீளம் வளர்ந்து, முட்டை நிறைந்த துண்டுகளை மலத்தோடு வெளியேற்றும். ஒரே துண்டில் சுமார் 50,000 முட்டைகள் வரை இருக்கலாம். பன்றி அதைத் தின்றால் குஞ்சுப்புழு குடல் சுவரைத் துளைத்து, இரத்தத்தோடு போய், அதிகம் உழைக்கும் தசைகளான நாக்கு, தாடை, தோள், இதயம் ஆகியவற்றில் தங்கும். நீர்க்கட்டி முழுசாக உருவாக இரண்டு மூன்று மாதம் ஆகும். உங்கள் பன்றியில் எல்லாம் ஒரே அளவு என்றால், ஒரே சமயத்தில் தின்றதாகத்தான் தோன்றுகிறது. ஏரிக்கரையைத்தான் முதலில் சந்தேகப்படுவேன்.

பன்றி ஏன் வாடவில்லை? உயிருள்ள கட்டி, பன்றியின் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைத்துக்கொள்ளும். தசை இழைகளை விலக்கி, இழை ஓடும் திசையிலேயே நீண்டு படுத்துக்கொள்ளும். பக்கத்து இழைகள் நசுங்கி மெலியும், சுற்றிலும் மெல்லிய நார்ச்சவ்வு படரும், அவ்வளவுதான். புழு செத்த பிறகுதான் உடல் விழித்துக்கொள்ளும். வெள்ளணுக்கள் சூழ்ந்து வீக்கம் வரும், கட்டி சீழ்போலக் கெட்டியாகும், கடைசியில் சுண்ணாம்பு ஏறி நறநறவென்று ஆகிவிடும். (டிரிக்கினெல்லா என்று இன்னொரு புழு, தசைச் செல்லுக்குள்ளேயே குடிபுகுந்து அதைத் தன்னை வளர்க்கும் கூடாகவே மாற்றிவிடும். அது கண்ணுக்குத் தெரியாது; உங்கள் பிரச்சினை அதுவல்ல.)

ஐவர்மெக்டின் உருண்டைப் புழுவுக்கும் சொறிக்கும் நல்ல மருந்து. இந்தக் கட்டிகளை அது தொடாது. இதற்கு ஆக்ஸ்ஃபெண்டசோல், உயிர் எடையில் கிலோவுக்கு 30 மில்லிகிராம், வாய்வழியாக ஒரே தடவை. சாதாரணக் குடற்புழு நீக்க அளவைவிட இது பல மடங்கு அதிகம் என்பதால் கால்நடை மருத்துவர் எடை பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். மிச்சப் பன்றிகளின் நாக்கின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். கட்டி தட்டுப்படவில்லை என்றால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை, லேசான தொற்று கைக்குச் சிக்காது.

வெட்டிய கறியை யாருக்கும் கொடுக்காதீர்கள், எரித்துவிடுங்கள் அல்லது ஆழமாகப் புதைத்துவிடுங்கள். அரைவேக்காட்டில் தின்றவருக்குக் குடலில் நாடாப்புழு வரும். அதைவிட மோசம், அவருடைய மலத்திலிருந்து முட்டை கை வழியாகவோ காய்கறி வழியாகவோ இன்னொருவர் வாய்க்குப் போவது. அப்படிப் போனால் மனித மூளையிலும் இதே கட்டி வந்து வலிப்பு உண்டாகும். பன்றிக்கறியே தொடாதவருக்கும் இது வரலாம்.

அதனால் பண்ணையில் வேலை செய்பவர்கள், வீட்டில் உள்ளவர்கள் எல்லோரும் மலப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். யாருக்காவது வலிப்பு இருந்தால் டாக்டரிடம் சொல்லாமல் புழு மாத்திரை போட வேண்டாம். ஏரிக்கரை மேய்ச்சலை இன்றைக்கே நிறுத்திவிட்டுக் கொட்டிலிலேயே தீனி கொடுங்கள்; ஆட்களுக்குக் கழிப்பறை வசதியும் இருக்கட்டும். பன்றிகளுக்குப் போடும் டிஎஸ்ஓஎல்18 என்ற தடுப்பூசியும் இருக்கிறது, கிடைக்குமா என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

மருந்து கொடுத்ததும் விற்க அவசரப்படாதீர்கள். செத்த கட்டிகள் கறியிலிருந்து கரைய ஏறத்தாழ மூன்று மாதம் பிடிக்கும், அதுவரை எந்தக் கடைக்காரரும் எடுக்க மாட்டார்.